கிரீடம் வைத்த கறுப்புத் தலையுடன் செங்கல்பட்டுக்கு

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு இருபத்தொன்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். 1998ஆம் வருடம் ஆவணி அமாவாசையன்று எனக்கு அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்தரை மணி நேரம் ஆயிற்று.

காலை 8.45. பஸ் நிலையத்தில் ஒரு சாக்கு மூட்டையும் ஒரு துணிப்பையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பையில் இருந்தது என் உடைமை முழுவதும். மூட்டைக்குள் வைக்கோல் சுற்றிய ஒரு கருங்கல் தலை, பதினான்கு கிலோ. ஐந்துரதத்துக்குப் போகும் ரோட்டில் இருந்த கன்னியப்பனின் சிற்பப் பட்டறையில் மூன்று வாரமாக அதற்கு நான் மெருகு போட்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை, உப்பளத்தில் வாரல், பிறகு இந்தப் பட்டறை என்று வேலை கிடைத்த ஊரில் இருந்தவன். பட்டறையிலேயே படுக்கை.

தலையைச் செய்யச் சொன்னவர் செங்கல்பட்டில் தங்கிப் படிக்கும் சூடான் நாட்டு மாணவர், பெயர் இத்ரிஸ். நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் வந்து ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்துவிட்டுப் போனது நான் சேர்வதற்கு முன்பு. கிரேக்க நாட்டில் ரொம்பக் காலத்துக்கு முன் செய்த ஓர் ஆப்பிரிக்கனின் தலை, அதைக் கல்லில் வேண்டும், ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார் என்பதுதான் கன்னியப்பன் எனக்குச் சொன்னது. ஜெராக்ஸ் மோசமானது. முகம் மட்டும் தெளிவு. நெற்றிக்கு மேல் புள்ளி புள்ளியாக வரிசைகள். அதற்கு மேல் முறுக்கிய பட்டை ஒன்று தலையைச் சுற்றி ஓடியது. அதற்கும் மேல் உருளையாக ஏதோ எழும்பி, தாளின் கறுப்பில் கரைந்துபோயிருந்தது. தலைக்குப் பின்னால் வளைவாக ஒரு நிழல்.

அந்தத் தாளை ஆணியில் மாட்டிவிட்டு நான்கு நாள் உளியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார் கன்னியப்பன்.

"மூஞ்சி இன்னா, எவன் வேணா செய்வான். தலையில இன்னா வச்சினுகீறான்னு தெரியணும். அது தெரியாம எறங்கினா வேற ஆளு வந்து குந்திக்கும்" என்றார்.

"அந்தப் பட்டை சும்மாடு மாதிரி இருக்குண்ணே. மூட்டை தூக்குறவன் போலருக்கு."

"நீ மூட்ட தூக்குனவன். ஒனக்கு எத்தப் பாத்தாலும் சும்மாடாத்தான் தெரியும்."

ஐந்தாம் நாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. உருளை என்றால் கிரீட மகுடம். ராஜாவாக இருப்பான். பட்டை, மகுடத்துக்குக் கீழே கட்டும் மாலை. பின்னால் தெரிகிற வளைவு சிரச்சக்கரம். நம் சிலைகளின் பின்தலையில் பூப்போல, சின்னச் சக்கரம்போல ஒன்று இருக்குமே, அதுதான். அது இல்லாத தலையை அவர் கை செய்ததில்லை. முடித்ததும், ஜெராக்ஸில் கறுப்பாக இருந்ததால் கறுப்பாகவே வேண்டும் என்று நல்லெண்ணெயும் விளக்குக் கரியும் குழைத்துத் தடவச் சொன்னார். பத்து நாள் தினமும் தடவினேன்.

அமாவாசையன்று எந்தப் பட்டறையிலும் உளிச் சத்தம் கேட்காது. கன்னியப்பன் காலையிலேயே கடற்கரையில் திதி கொடுத்துவிட்டு, பட்டறையைப் பூட்டி, செய்யூர்ப் பக்கம் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார். இன்னும் நான்கு நாளில் இத்ரிஸுக்கு விமானம் என்பதால் தலையைக் கொண்டுசேர்க்கச் சொல்லி, சிகரெட் அட்டையில் விலாசம் எழுதிக் கொடுத்தார். பட்டறை பூட்டியிருந்தால் எனக்குப் படுக்க இடமில்லை. அதனால்தான் பையையும் எடுத்துக்கொண்டேன்.

பஸ் கட்டணம் ஆறு ரூபாய். மூட்டைக்கு மூன்று ரூபாய். "இன்னாபா இது, அம்மிக்கல்லா?" என்று கேட்ட கண்டக்டர் பதிலுக்கு நிற்காமல் முன்னால் போய்விட்டார்.

9.40. திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதற்குச் சற்றுப் பின், ரோட்டின் குறுக்கே இரும்புத் தடுப்பு. பஸ்ஸை நிறுத்தி போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஒரு கோயிலில் சிலை திருட்டுப் போயிருந்தது என்று பின்சீட்டில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதுமே என் கை மூட்டையின் கழுத்தைப் பிடித்தது. பிடித்திருக்கக் கூடாது. போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாதுய்யா மூட்டையில?"

"கல்லுங்க."

"கல்ல எதுக்கு மடியில வச்சினு போற? எறங்கு."

பஸ் போய்விட்டது. ரோட்டோரம் ஓலைக் கொட்டகை, அதற்குள் மேசை, மேசைக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க சப்-இன்ஸ்பெக்டர். சாக்கை அவிழ்த்து வைக்கோலை விலக்கச் சொன்னார். விலக்கினேன்.

கொட்டகை நிழலில் அதை அப்படி வைத்துப் பார்த்தபோதுதான் மூன்று வாரமாக என் கையிலிருந்த பொருள் எப்படித் தெரிகிறது என்று எனக்கே விளங்கியது. கறுத்த முகம், உயர்ந்த கிரீடம். போலீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து மோந்து பார்த்தார்.

"எண்ணெய்க் காப்பு" என்றார்.

"நான் தடவுனதுங்கய்யா. கறுப்பா வேணும்னு கேட்டாங்க."

"யார் கேட்டது?"

"செங்கல்பட்டுல ஒரு ஆப்பிரிக்காக்காரருங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரன் என்ற சொல்லை நானே என் வாயால் கொடுத்துவிட்டேன்.

"ஊர் எது?"

"சாயல்குடிப் பக்கம்."

"இங்க எங்க தங்கியிருக்க?"

"பட்டறையிலங்க. இன்னிக்குப் பூட்டியிருக்கு."

"பையில என்ன, துணியெல்லாமா? மொத்தமா கிளம்பிட்டியா?"

ரேஷன் கார்டு இல்லை, தலை யாருடையது என்று எழுதிய சீட்டு இல்லை. பட்டறையில் போன் உண்டு. போலீஸ்காரர் எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நான்கு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அமாவாசையில் எந்தச் சிற்பி பட்டறையில் இருப்பான்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு இரண்டு வருடம் முன்பு வேறொரு மாவட்டத்தில், விலாசம் சொல்லத் தெரியாமல் நின்றதற்காகச் சந்தேகக் கேஸில் பதினொரு நாள் உள்ளே இருந்தேன். அடி அதிகமில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் வாரம் ஒரு முறை யாராவது பார்க்க வந்தார்கள். எனக்கு யாரும் வரவில்லை. விட்டபோதும் ஏன் விட்டார்கள் என்று சொல்லவில்லை. அது பதினொரு நாள். இது சிலைத் திருட்டு, இதில் எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது. நின்றுகொண்டே இருந்தேன். கம்பத்தில் சாய்ந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று சாயவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

10.50. பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோயில் குருக்களை மொபெட்டில் அழைத்து வந்தார்கள். என்னைவிட இளையவர், முப்பது இருக்கலாம். தலையைத் தொடாமல் நான்கு பக்கமும் சுற்றிவந்தார்.

"முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாது சார். மூர்த்தி யாருன்னு தலையில இருக்கறதுதான் சொல்லும். இது கிரீட மகுடம், பெருமாளுக்கு உண்டானது. ஆனா மகுடத்துக்குக் கீழ மணிமணியா முடி வராது. அது சமணாள் சிலையில வரும். பைரவரா இருந்தா முடி வேற மாதிரி, தீ மாதிரி எழும்பும்."

"அப்போ சாமியில்லங்கறீங்களா?"

குருக்கள் பின்னால் போய்க் குனிந்தார். "சிரச்சக்கரம் இருக்கே. அது சும்மா மனுஷாளுக்கு வைக்கறதில்ல." பிறகு கழுத்துப் பக்கம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "சார், இதைத் திருப்பிப் பாருங்கோ."

திருப்பினார்கள். கழுத்தின் அடி தட்டையாக, மெல்லிய கோடுகளோடு இருந்தது. தலை மேசைமேல் ஆடாமல் நிற்க வேண்டும் என்று கன்னியப்பன் புதிதாக வாங்கியிருந்த கட்டர் மிஷினில் அறுத்த இடம்.

"தலைய மட்டும் அறுத்துகினு வந்துகீறான் சார்" என்றார் போலீஸ்காரர்.

குருக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிரீடம், சக்கரம், எண்ணெய், அறுத்த கழுத்து. ஒவ்வொன்றும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஒவ்வொன்றும் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

"ஒடம்பு எங்கடா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சத்தம் போடவில்லை. பேருந்து நேரம் கேட்பதுபோல்தான் கேட்டார்.

"உடம்பே செய்யலங்கய்யா. தாள்ல தலை மட்டுந்தான் இருந்துச்சு."

"அந்தத் தாள் எங்க?"

"பட்டறையில, ஆணியிலங்க."

அவர் என் சட்டைப்பையிலிருந்த சிகரெட் அட்டையை எடுத்து விலாசத்தை இரண்டு தடவை படித்தார். குருக்களைத் திருப்பி அனுப்பினார். ஒரு ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். ஜீப் வந்தபோது மணி ஒன்றே கால். போலீஸ்காரர் நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடிக்கும்போது பாதி சட்டையில் கொட்டியது.

1.20. திருக்கழுக்குன்றத்தின் சங்குதீர்த்தக் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஜீப் செங்கல்பட்டு ரோட்டில் ஏறியது. தலை என் மடியில். வழியெல்லாம் ஒரே எண்ணம். இத்ரிஸ் என்னைப் பார்த்ததில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. வீட்டில் இல்லாமலிருந்தால்? இருந்து, போலீஸைக் கண்டு எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டால்? நான்கு நாளில் நாட்டைவிட்டுப் போகிறவர் சிலைக் கேஸில் எதற்குத் தலையைக் கொடுக்க வேண்டும்? அவர் இடத்தில் நான் இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

2.15. விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்த இடம். கொளவாய் ஏரிப் பக்கம், ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் மாடியறை. தட்டியதும் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே உயரமான, மெலிந்த மனிதர். அந்த உச்சி வெயிலிலும் கழுத்துவரை மூடும் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். ஊட்டிக்குப் போகிறவர்கள் வாங்குவார்களே, அந்த மங்கிக் குல்லாய். காக்கியைப் பார்த்ததும் அவர் கை கதவின் விளிம்பிலேயே இறுகிவிட்டது.

"போலீஸ்ல ரெஜிஸ்டர் எல்லாம் ஆச்சு சார். பேப்பர் எல்லாம் சரியா கீது" என்றார். நான்கு வருடம் மெஸ்ஸிலும் பஸ்ஸிலும் கற்ற தமிழ்.

"அத நான் கேக்கல. இந்த ஆளத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "தெரியாது சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எப்பவும் பாத்ததில்ல சார்."

உண்மையைத்தான் சொன்னார். போலீஸ்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். கன்னியப்பன் அனுப்பினார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் சாக்கை வாங்கி வாசற்படியில் வைத்து, வைக்கோலை விலக்கினார்.

இத்ரிஸ் கல்லைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மறுபடி கல்லை. கீழே ஒரு ரயில் போயிற்று. அது போய் முடிகிறவரை யாரும் பேசவில்லை.

"அது என்னுது சார்" என்றார்.

"அப்ப இவன்?"

"கன்னியப்பன் ஆளா இருப்பாரு. நான் சொல்லித்தான் செஞ்சாங்க. வாங்க, காட்றேன்."

அறையில் கட்டில், மேசை, பாதி கட்டிய பெட்டிகள். பெட்டியைப் பிரித்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தார். வழவழப்பான தாளில் அதே முகம், வண்ணத்தில். ஜெராக்ஸில் கரைந்துபோனதெல்லாம் இதில் தெரிந்தது. அது சிலையே இல்லை. மண்ணால் செய்த கூஜா. ஆளின் தலைபோல வடித்த கூஜா. கிரீடம் என்று கன்னியப்பன் செதுக்கிய உருளை கூஜாவின் வாய். சிரச்சக்கரம் என்று அவர் நினைத்த நிழல் பின்னால் இருந்த கைப்பிடி.

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தையும் கல்லையும் ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயோரம் கோணியது.

"கூஜாவுக்குக் கிரீடம் வச்சிருக்கான்யா. கைப்பிடிய சக்கரமாக்கிட்டான். குருக்கள் வேற கன்னத்துல போட்டுக்கினாரு."

"மன்னிச்சிக்குங்கய்யா" என்றேன். எதற்கென்று தெரியவில்லை.

அவர் இன்னும் முடிக்கவில்லை. புள்ளி வரிசையைச் சுட்டி, "இது என்ன?" என்றார்.

"முடி சார்."

"முடி இப்பிடியா இருக்கும்? குல்லாய எடு பாப்போம்."

இத்ரிஸ் எடுத்தார். அவர் முடி கல்லில் நான் மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த புள்ளிகளைப் போலவே, வரிசை வரிசையாக, சின்னச் சின்னச் சுருளாக இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் "அட" என்றபடி கையை நீட்டினார். கெட்ட எண்ணம் இல்லை, தொட்டுப் பார்க்கத்தான். இத்ரிஸ் பின்னால் நகர்ந்தார். சுவர் வந்ததும் நின்றார். காலையில் கொட்டகையில் நான் நின்ற நிற்பு எப்படியிருந்திருக்கும் என்று அப்போது பார்த்தேன். நீட்டிய கை பாதியில் நின்று இறங்கியது.

"சரி சரி, போட்டுக்க."

இத்ரிஸின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார். என்னிடம், "ஒரு சீட்டு எழுதி வாங்கினு வரத் தெரியாதா? விலாசம் இல்லாதவன் அடுத்தவன் தலைய தூக்கினு சுத்துற. இனிமே அந்த ரோட்டுல நான் உன்னப் பாக்கக் கூடாது" என்றார். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகே நான் உட்கார்ந்தேன். பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன் என்பதுகூடத் தெரியவில்லை.

இத்ரிஸ் பால் இல்லாத டீ போட்டார்.

"ஃபர்ஸ்ட் தெரியாதுன்னு சொன்னேன், தப்பா நினைக்காத அண்ணாத்த."

"உண்மையத்தானே சொன்னீங்க."

"உண்மைதான். ஆனா கல்லப் பாத்த அப்புறமும் அதையே சொல்லலாமான்னு யோசிச்சேன். ட்ரெயின் போற வரைக்கும் யோசிச்சேன்."

தலையின் மேலிருந்த முறுக்குப் பட்டையைக் காட்டி, "இது மட்டும் என்னன்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டேன். கிரீடம் போய்விட்டது, சக்கரம் போய்விட்டது, அது மட்டும் இருந்தது.

அவர் பக்கத்தைப் புரட்டி விரலை ஓட்டினார். "விருந்துல கட்ற ரிப்பனா இருக்கலாம்னு போட்டுகீறாங்க. இலை மாலையா இருக்கலாம். அடிமைன்னு அடையாளமா இருக்கலாம். இன்னொருத்தர் அவன் ஊரு வழக்கமா இருக்கலாம்னு சொல்றாரு. எல்லாம் 'லாம்'தான்."

"நான் சும்மாடுன்னு நினைச்சேன்."

"அதுவும் இருக்கலாம்" என்று சிரித்தார். எங்கள் ஊரில் சுமை தூக்க எப்படிச் சுற்றுவோம் என்று அவர் துண்டை வாங்கிச் சுற்றிக் காட்டினேன். அவர் நாட்டிலும் பெண்கள் அதேபோலச் சுற்றுவார்கள் என்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் குல்லாயை மறுபடி எடுத்து முழங்காலில் வைத்தார். நெற்றியில் கம்பளி பதிந்த தடம் இருந்தது, வேர்க்குரு சிவந்திருந்தது. "இங்க வந்து ஆறு மாசம் வரைக்கும் குல்லா போடல. பஸ்ல பின்னாடி ஒக்காந்தவன் தொடுவான். கடையில தொடுவாங்க. கோவிச்சினு திரும்பினா சிரிப்பாங்க. ஒரு நாள் ஸ்டேஷன்ல பத்துப் பதினஞ்சு பேரு சுத்தி நின்னுட்டாங்க. அடிக்கல. தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. கத்தவும் பயம், ஓடவும் பயம். அடுத்த நாள் இத வாங்கினேன்." கல்லின் பட்டைமேல் விரலை வைத்தார். "இவனும் அந்த ஊர்ல தனி ஆளா இருந்துகீறான். நாலு பேரு நடுவுல. இதுவும் என் குல்லா மாதிரிதான்னு எனக்குத் தோணுது."

"புத்தகத்துல அப்பிடிப் போடலையே."

"எழுதினவங்க யாரும் அவன்கிட்ட கேக்கலியே. கேட்டிருந்தாலும் அவன் அழகுக்குன்னு சொல்லியிருப்பான். நானும் குளிருதுன்னுதான் சொல்றேன்."

மேசைமேல் தலையை வைத்தோம். கிரீடத்தோடும் சக்கரத்தோடும் அப்படியே கொண்டுபோவதாகச் சொன்னார். விமான நிலையத்தில் காட்ட வேண்டியிருக்கும் என்று புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மடித்து அடையாளம் வைத்தார்.

5.10. செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர். டிக்கெட் பதினான்கு ரூபாய். மாமல்லபுரத்துக்குத் திரும்பிப் போக இருப்பது அந்த ஒரு ரோடு மட்டும் அல்ல. கடற்கரை வழியாகவும் போகலாம். கன்னியப்பன் நல்லவர், வேலையும் இருந்தது. ஆனாலும் பாதையைப் பற்றி நினைத்தாலே மடியில் பதினான்கு கிலோ கனத்தது. ஆற்றுப் பாலத்தின் மேல் ரயில் கொஞ்ச நேரம் ஓடியது. தண்ணீர் வற்றி, நடுவில் மாடுகள் நின்றன.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் படாளத்தில் நெல் போடுகிறவர். என் கையிலும் நகக்கண்ணிலும் இருந்த கரியைப் பார்த்து விசாரித்தார்.

"கல்லு வேலையா? மாபலிபுரத்துலயா?"

"ஆமாங்க. வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறேன்."

"நல்ல வேலையாச்சே. ஏன் வுட்டுட்டு வர்ற?"

"கல்தூசி ஒத்துக்கலங்க" என்றேன்.

"ஆமா, நெஞ்சப் புடிச்சிக்கும்" என்று தலையாட்டிவிட்டு, படாளத்தில் இறங்கிப் போனார். மூன்று நாள் கழித்துச் சாயல்குடி போய்ச் சேர்ந்தபோது அங்கே கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். அங்கேயும் யாரும் மேலே கேட்கவில்லை.